ஏழாங்குழியின் உள்பக்கம்

நெடுங்கரட்டுக்காரர்கள் பள்ளங்களை ஊசியால் மூடத் தொடங்கிய வருஷத்தில் மழை சரியாகப் பெய்யவில்லை, வேம்பு இரண்டு தடவை பூத்தது, மூன்று வருஷமாக ஊரே கழற்றச் சொல்லியும் பூமயில் தன் கழுத்துத் தாலியைக் கழற்றவில்லை.

அந்த ஊரில் ஐம்பது வருஷம் கல் வெட்டினார்கள். வெட்டியவர்கள் கல்லை லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போனார்களே தவிர பள்ளத்தை இங்கேயே விட்டுவிட்டார்கள். ஒன்று இரண்டு என்று எண் போட்ட ஏழு குழிகள், ஒவ்வொன்றும் தென்னையின் மேல் தென்னையை நிறுத்தினாலும் தலை தெரியாத ஆழம், அது போதாதென்று தண்ணீர் வராமல் வாய் திறந்தபடி விட்ட ஆழ்துளைக் கிணறுகள் வேறு. அதனால் பிள்ளை பெற்றவர்கள் எந்த வேலையில் இருந்தாலும் நடுநடுவே பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், பதில் வந்த பிறகுதான் அடுத்த பாத்திரத்தைக் கழுவுவார்கள்.

ஏழாங்குழி எல்லாவற்றிலும் பெரியது. மூன்று வருஷத்துக்கு முன் ஓர் ஆடி மாதத்து முற்பகலில் பூமயிலின் புருஷன் வையாபுரி டிப்பர் லாரியைப் பின்னால் எடுத்தவன் லாரியோடு அதற்குள் போனான். முக்குளிக்கத் தெரிந்தவர்கள் நாலு நாள் மூழ்கிப் பார்த்துவிட்டு, உள்ளே தண்ணீர்தான் இருக்கிறது, ஆளும் இல்லை லாரியும் இல்லை என்றார்கள். உடம்பைக் கண்ணால் பார்க்காமல் தாலியைக் கழற்ற மாட்டேன் என்று பூமயில் சொன்னாள். வையாபுரி லேசில் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். மகள் அல்லி கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு மழையில் வீட்டுக் கூரை சரிய, விழுந்த உத்தரத்தை இரண்டு உள்ளங்கையாலும் ஏந்திக்கொண்டு, கால் நடுங்க, பல் கடிக்க, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் வெளியே போகும்வரை நின்றவன் அவன். வெளியே போயிட்டீங்களா என்று கேட்டு, போயிட்டோம் என்று பதில் வந்த பிறகுதான் கையை விட்டான். அப்படிப்பட்டவன் தண்ணீருக்குள் போனதும் செத்துவிடுவானா என்று அவள் கேட்பாள். சாயங்காலமானால் குழிக்கரைக்குப் போய் “ஏங்க” என்பாள், குழி “ஏங்க” என்று திருப்பிச் சொல்லும், அல்லி வாங்கிய மார்க்கைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் பழைய ரேஷன் கடைக் கட்டிடத்தில் பூத்தையல் வகுப்பு வந்தது. சில்வியா டீச்சர் செவ்வாயும் வெள்ளியும் பஸ்ஸில் வந்தாள். இருபத்தாறு வயது, படிக்க வந்த பதினெட்டுப் பேரும் அவளைவிட மூத்தவர்கள், கல்யாணம் எப்போது என்று கேட்டு அவளை ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் ஊசியில் நூல் கோப்பார்கள். முதல் மாதம் ஓட்டுத் தையல், சங்கிலித் தையல். இரண்டாம் மாதம் டீச்சர் வளையத்தில் துணியை முரசுபோல இறுக்கி, ஒரு ரூபாய்க் காசை வைத்து வட்டம் போட்டு, நிரப்புத் தையல் சொல்லிக்கொடுத்தாள். முதலில் உருவத்தின் ஓரத்தைப் பொடித் தையலால் கட்ட வேண்டும். பிறகு நட்டநடுவில் ஆரம்பித்து, இந்தக் கரையில் ஊசியை ஏற்றி அந்தக் கரையில் இறக்க வேண்டும், இறங்கிய ஊசி துணிக்கு அடியிலேயே திரும்பி வந்து முதல் இழைக்குப் பக்கத்தில் மறுபடி ஏற வேண்டும், இழைக்கும் இழைக்கும் நடுவே எறும்பு நுழைய இடம் இருக்கக் கூடாது.

“மேல எவ்வளவு நூல் இருக்கோ அவ்வளவு அடியிலயும் இருக்கணும்க்கா,” என்றாள் சில்வியா டீச்சர். “அப்பத்தான் அதுக்குப் பேரு நிரப்புறது. இல்லைன்னா சும்மா மூடுறது.”

பூமயில் காதில் வாங்கிக்கொண்டாள், ஆனால் கை வேறு கணக்குப் போட்டது. ஆளுக்கு மூன்று கண்டு நூல்தான். அந்தக் கரையில் இறங்கிய ஊசியை அடிவழியே சுற்றிக் கொண்டுவராமல், அங்கேயே ஓர் இழை தள்ளி மேலே எடுத்தால், அடியில் ஓரத்தில் மட்டும் புள்ளி புள்ளியாக நூல் நிற்கும், பாதிக்குப் பாதி மிச்சம். மேலே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அவள் பக்கத்தில் இருந்தவளுக்குக் காட்ட, அவள் அடுத்தவளுக்குக் காட்ட, அரை மணி நேரத்தில் வகுப்பே கற்றுக்கொண்டது. ரசத்துக்கு ஒரே புளியை இரண்டு தடவை கரைக்கிறவர்கள், தேய்ந்த சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டவைக்கிறவர்கள், யாரும் புரட்டிப் பார்க்காத பக்கத்துக்கு எதற்கு நூல் என்பது அவர்களுக்குச் சொல்லாமலே விளங்கியது. மிஞ்சிய நூலில் ஜாக்கெட் கைக்குப் பூப் போட்டுக்கொண்டார்கள். டீச்சர் மேல்பக்கத்தைத் தடவிப் பார்த்து மெச்சினாள், புரட்டிப் பார்க்க நேரமில்லை, ஐந்தரை பஸ்ஸை விட்டால் அவளுக்கு வேறு பஸ் கிடையாது.

பூமயில் அன்று ரோஸ் நூலில் போட்ட வட்டம்தான் முதல் வட்டம். மறுநாள் காலையில் பஞ்சாயத்துத் தலைவர் ரெங்கநாயகியின் தோப்பிலிருந்து ஆள் வந்து, வாய் திறந்து கிடந்த ஆழ்துளைக் கிணறு நூலால் மூடிக்கிடக்கிறது என்று சொன்னான். என்ன கலர் என்று கேட்டாள் ரெங்கநாயகி. ரோஸ் என்றதும், காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, நேரே பூமயில் வீட்டுக்கு வந்து, மீதி மூன்று கிணற்றுக்கும் அதே கலர் போட்டுவிடு, பார்க்க ஒன்றுபோல இருக்கும் என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் ஆச்சரியப்படவில்லை. ரோஸ் வட்டத்தின்மேல் ஒருத்தி மிளகாய் காயப்போட்டாள், நூல் சூட்டில் சீக்கிரம் காய்கிறது என்று செய்தி பரவி, மிளகாய்க்கு இடம் பிடிக்கச் சண்டை வந்தது.

சின்னச் சின்னத் தப்புகள் நடக்கத்தான் செய்தன. ஒருத்தி வளையத்தின் மூலையில் சும்மா ஏழு புள்ளி வைத்து ஊதா நூலால் நிரப்ப, கோயில் நாகஸ்வரத்தின் ஏழு துளையும் ஊதா நூலால் அடைத்துக்கொண்டு, ஒரு முகூர்த்தம் முழுக்கத் தவில் மட்டும் தனியாக வாசித்தது. இன்னொருத்தி இரண்டு சொட்டு வரைந்து நிரப்ப, அவளுடைய சின்னப் பெண்ணின் காதுத் துளை இரண்டும் மூடிப்போய்த் தோடு படுக்கையில் கிடந்தது. புற்றுக்கண் அடைபட்ட அன்று பாம்புகள் பகலில் ரோட்டோரமாகப் படுத்துக்கிடந்து, போகிற வருகிறவர்களை அண்ணாந்து பார்த்தன. அதற்கப்புறம் பஞ்சாயத்து ஒரு தீர்மானம் போட்டது. எந்த உருவத்தையும் மனம் போன போக்கில் நிரப்பக் கூடாது, கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் நில வரைபடத்தைக் கார்பன் வைத்துத் துணியில் எடுத்து, இன்ன குழி என்று பெயர் எழுதி, அதன் பிறகே ஊசி எடுக்க வேண்டும். கலர் விஷயத்தில் எந்தக் கட்சிக் கொடியும் ஞாபகம் வரக் கூடாது என்று இரண்டு கூட்டம் போட்டுப் பேசி, கிளிப்பச்சைக்குச் சம்மதித்தார்கள். ஒன்றாங்குழியும் இரண்டாங்குழியும் மூடியதும் மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார், செருப்பைக் கழற்றி ஒரு காலை வைத்து அமுக்கிப் பார்த்தார், நிலம் சமன் செய்யப்பட்டது என்று கோப்பில் எழுதிவிட்டு இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

ஆறு குழியும் மூடியாயிற்று. ஏழாவதைப் பூமயில்தான் மூட வேண்டும், அவ்வளவு நீள இழையைத் தொய்யாமல் இழுக்க அவள் கைக்குத்தான் வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் மட்டும் மாட்டேன் என்றாள். ரெங்கநாயகி மூன்று தடவை வீட்டுக்கு வந்தாள், மூன்று தடவையும் பூமயில் மோர் கொடுத்து அனுப்பிவிட்டாள். நாலாவது தடவை வர வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது குழிக்கரை மண் சரிந்து, பன்னிரண்டு வயது அல்லி ஒரு கருவேலஞ்செடியைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் தொங்கினாள், ஆடு மேய்க்கிறவர்கள் துண்டைக் கட்டித் தூக்கிவிட்டார்கள். கை முழுக்க முள். ஒவ்வொரு முள்ளாக எடுத்துவிட்டு, மஞ்சள் தடவிவிட்டு, பூமயில் எழுந்து பச்சை நூலை எடுத்தாள். அன்று ஊரே குழிக்கரையில் நின்றது. அவள் மடியில் வளையத்தை வைத்துக்கொண்டு ஊசியை ஏற்றி இறக்க, இங்கே நூல் ஓடும்போதே அங்கே இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தாம்புக்கயிறு பருமனில் பச்சை இழை ஓடியது, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, எறும்பு நுழைய இடமில்லாமல்.

வகுப்பில் பழகிய அதே சிக்கனத் தையல்தான். ஆனால் இந்தத் தடவை அவள் நூலை மிச்சம் பிடிப்பதற்காக அப்படிப் போடவில்லை. ஊர் நடக்க மேல்பக்கம் போதும், உள்பக்கம் அவருக்குக் கொஞ்சம் இடம் இருக்கட்டும், திரும்பிப் படுக்கவாவது இடம் வேண்டாமா என்று நினைத்துக்கொண்டாள். கடைசி இழை விழுந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். பூமயில் “ஏங்க” என்று கூப்பிட்டுப் பார்த்தாள், பச்சை நிலம் ஒன்றும் திருப்பிச் சொல்லவில்லை, அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

ஊருக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. வியாழக்கிழமைச் சந்தை அங்கே மாறியது, பள்ளிக்கூடம் அதைத் தனக்கு மைதானமாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. ஆடுகள் மட்டும் அதில் கால் வைக்கவில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்தாலும் கரையிலேயே நாலு காலையும் ஊன்றி நின்றன, கன்னுக்குட்டி ஒன்று நடுவுக்குப் போய் மூக்கை வைத்து மோந்துவிட்டு, கத்தாமல், அடிமேல் அடி வைத்துப் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தது. நட்டநடுவில் நாலு மாதத்தில் இரண்டு மேடுகள் எழும்பின. ஒவ்வொன்றும் ஒரு கட்டில் அகலம், ஒவ்வொன்றின் முனையிலும் ஐந்து சின்ன மேடுகள். பிள்ளைகள் அந்த ஐந்தைக் கட்டமாக வைத்துப் பாண்டி ஆடினார்கள். சந்தைக்காரர்கள் தராசு நேராக நிற்க அந்த மேடுதான் வசதி என்றார்கள். பூமயில் ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தாள். பெருவிரல் கொஞ்சம் கோணலாக இருந்தது, லாரி ஜாக்கி நழுவி நசுங்கிய வையாபுரியின் கைப் பெருவிரல் அப்படித்தான் இருக்கும். அவள் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் ஊர் அதற்கும் ஒரு தீர்மானம் போட்டுவிடும்.

பள்ளிக்கூட ஆண்டு விழா அந்த மைதானத்தில் வைத்தார்கள். பந்தல், மேடை, ஒலிபெருக்கி, ஐந்நூறு நாற்காலி. அல்லி கும்மியில் முன்வரிசை. அன்று மத்தியானம் சில்வியா டீச்சர் சான்றிதழுக்காக எல்லாருடைய வளையத்தையும் எடுத்துவைக்கச் சொல்லியிருந்தாள், பூமயில் மட்டும் உதவிக்கு இருந்தாள், மற்றவர்கள் விழாவுக்குப் போய்விட்டார்கள். டீச்சர் முதல் வளையத்தைப் புரட்டினாள். அடுத்ததைப் புரட்டினாள். பதினெட்டையும் புரட்டிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த குழி வளையங்கள் ஏழையும் இறக்கிப் புரட்டினாள். எல்லாவற்றிலும் உள்பக்கம் வெறும் துணி. மூன்றாங்குழியின் துணியில் நடுவே இழை விட்டுப்போய் ஓர் ஓட்டை விழுந்திருந்தது, அன்று காலையில்தான் மூன்றாங்குழிமேல் போட்டிருந்த ரெங்கநாயகியின் வைக்கோற்போர் மாயமாகப் போய்விட்டது என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் கேட்பதற்கு முன்பே, நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்றாள் பூமயில்.

“இது ஒத்தை நூல்க்கா,” என்றாள் சில்வியா டீச்சர். “ஒரு வைக்கோல்போரைத் தாங்கல. ஏழாங்குழி மூணாங்குழியைவிட நாலு மடங்கு. இத்தனை மாசமா சந்தையைத் தாங்கியிருக்கே, எப்படித் தாங்குச்சு?”

பூமயிலுக்குத் தெரியும். அந்த மனிதர் நாலு மாதமாகக் கையை இறக்கவில்லை. ஏழாங்குழி வளையத்தைத் திருப்பி மேல்பக்கத்தைப் பார்த்தாள். மைதானத்தில் இருந்ததுபோலவே துணியின் நடுவில் எழும்பியிருந்த இரண்டு மேடும் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விட்டுவிட்டு நடுங்கின, ஒன்று அரிசி அளவு கீழே இறங்கியது.

டீச்சர் மைதானத்துக்கு ஓடினாள். எல்லாரும் ஒரேயடியாக ஓடினால் தரை உள்ளே போக அதுவே போதும், வரிசை வரிசையாக, சத்தமில்லாமல் கரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மேடையோரம் போய் ரெங்கநாயகியின் காதில் சொன்னாள். ரெங்கநாயகி பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, இத்தனை நாள் தாங்கியது இன்றைக்கு ஒரு நாள் தாங்காதா டீச்சர், பிள்ளைகள் ஆடி முடிக்கட்டும் என்று சொல்லி, உட்கார ஒரு நாற்காலியும் போடச் சொன்னாள்.

ரேஷன் கடைக் கட்டிடத்தில் பூமயில் வளையத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். இனி உள்பக்கம் நிரப்ப வேண்டும். நிரப்பினால் அங்கே திரும்பிப் படுக்க இடம் இருக்காது, கூப்பிட ஆள் இருக்காது, வருவார் என்று வாசலைப் பார்க்க ஒரு காரணமும் இருக்காது. இது எல்லாம் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒலிபெருக்கியில் கும்மிப் பாட்டு ஆரம்பித்தது. அவள் நடுவில் ஊசியை ஏற்றினாள்.

அலமாரியில் பச்சை அரைக் கண்டுதான் இருந்தது. அது தீர்ந்ததும் ரோஸ் போட்டாள், ரோஸ் தீர்ந்ததும் ஊதா, பிறகு பதினெட்டுப் பேரின் டப்பாவிலும் கிடந்த துண்டு துணுக்கெல்லாம், மிச்சம் பிடித்த நூலெல்லாம் ஜாக்கெட்டுகளில் பூவாகி மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்க, தன் ஜாக்கெட் கையில் இருந்த பூவைப் பல்லால் கடித்துப் பிரித்து அந்த நூலையும் போட்டாள். நடுவிலிருந்து இடது ஓரம்வரை போனாள், மறுபடி நடுவுக்கு வந்து வலது ஓரத்துக்குப் போனாள், ஒவ்வோர் இழையையும் இழுக்கும்போது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வாய்விட்டுச் சொன்னாள். கும்மியில் கால் விழும்போதெல்லாம் துணி அவள் மடியில் அதிர்ந்தது. கடைசியில் ஒரு விரல் அகலம் பாக்கி இருக்க, நூல் தீர்ந்தது.

டப்பாக்களைக் கவிழ்த்தாள், பாயை உதறினாள், ஒன்றும் இல்லை. கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. பிறகு அவள் தயங்கவில்லை. தாலியைக் கழற்றினாள், பொன்னை உருவி முந்தானையில் முடிந்தாள், மஞ்சள் கயிற்றின் புரியைப் பிரித்தாள், பிரிந்த இழைகளில் ஒன்றை எச்சில் தொட்டு முனை கூர்த்து ஊசியில் கோத்தாள். மஞ்சள் இழை ஏறி இறங்கி, அடிவழியே திரும்பி வந்து, மறுபடி ஏறியது. கடைசித் தையலை இழுத்து, நுனியை மற்ற இழைகளுக்கு அடியில் செருகி, முடிச்சுப் போடாமல் அறுத்தாள். வளையத்தின்மேல் குனிந்து, ஒரு பழைய கேள்விக்குப் பதில் சொல்கிறவளாக, “வெளிய வந்துட்டோம்ங்க,” என்றாள். இரண்டு மேடும் துணியோடு துணியாக அமர்ந்து மட்டமாயின. அங்கே ஒலிபெருக்கியில் கைதட்டல் கேட்டது.

அல்லி நெற்றிச்சுட்டி கலைய ஓடி வந்தாள். முதல் பரிசு, ஒரு எவர்சில்வர் குடம். அம்மாவின் கழுத்தை அவள் முதலில் கவனிக்கவில்லை.

“அம்மா, ஆடும்போது தரைக்கு அடியில யாரோ உள்ளங்கையில ஏந்திப் பிடிச்சிருந்த மாதிரியே இருந்துச்சும்மா,” என்றாள், மூச்சு வாங்க. “நான் எங்க கால் வச்சாலும் அங்க வந்து பிடிச்சுச்சு. கடைசியில என் பாதத்தை ஒரு தடவை அமுக்கிட்டு, விட்டுருச்சு.”